தீப்பந்தம் ஏந்திய தாய்மார்

எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் இரண்டு பொருள். ஒன்று டாக்டர் எழுதித் தருவது. இன்னொன்று வெடிக்குள் அடைப்பது. "அவன் மருந்து ரூமில் வேலை பார்க்கிறான்" என்று சிவகாசிக்காரர் சொன்னால், வெளியூர்க்காரர் ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வார். இப்போது சில வருடங்களாக மூன்றாவது பொருள் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர், பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக முப்பது வருடம் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். போன வருடம் ஒரு நாள், நடை முடிந்து டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி, பையன் பையில கஞ்சாப் பொட்டலம் இருந்துச்சு. காலேஜுல பழகியிருக்கான். போலீஸ்ல சொன்னா அவன் வாழ்க்கை போயிரும். சொல்லாம விட்டா அவனே போயிருவான். நான் என்னதான் செய்ய?"

36 வருடம் பேங்கில் குப்பை கொட்டியவன் நான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "பாப்போம் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அந்த வார்த்தை எனக்கே கூசியது. அதற்கப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். அவர் கேட்ட கேள்வி புதிதல்ல. நம் நாட்டிலும் வெளியிலும் பெற்றவர்கள் ஐம்பது வருடமாக இதைத்தான் கேட்டு வருகிறார்கள். சிலர் வீட்டுக்குள் அழுததோடு நிற்காமல் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கதைதான் இது.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். தியாகி சங்கரலிங்கனாரை விருதுநகர்க்காரர்கள் மறந்திருக்க முடியாது. 1956 ஜூலை 27இல் தொடங்கி 76 நாள் உண்ணாவிரதம் இருந்தவர். அக்டோபர் 13 அன்று மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. 'தமிழ்நாடு' என்ற பெயருக்காக அவர் இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வைத்த கோரிக்கைகள் 12. இந்தியா முழுவதும் மதுவிலக்கு வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

சென்னை மாநிலத்தில் அப்போது மதுவிலக்கு இருந்தது. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கி வைத்தது, 1948இல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது. 2003இல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் ஏற்றுக்கொண்டது. நம் வயதுக்காரர்கள் இந்த மாற்றம் அத்தனையையும் கண்ணால் பார்த்தவர்கள். இந்த நீண்ட வாதத்தில் 'கடையைத் திற', 'கடையை மூடு' என்ற இரண்டு குரல்தான் பலமாகக் கேட்டது. ஏற்கெனவே விழுந்துவிட்ட பிள்ளையை என்ன செய்வது என்ற குரல் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

அதைத் தாண்ட வைத்தவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன். டி.டி.கிருஷ்ணமாச்சாரி குடும்பத்து மருமகள். கணவர் ரங்கநாதன் 1979இல் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தார். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் சாவுக்கு வேறு காரணம் சொல்லி மூடிவிடுவார்கள். இவர் மூடவில்லை. வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்து வந்து, 1980இல் கணவர் பெயரிலேயே சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். குடி ஒரு நோய், அதற்கு மருத்துவம் உண்டு, குடும்பத்துக்கும் ஆலோசனை வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாயோ மனைவியோ, வீட்டு அவமானத்தை வெளியே சொன்ன அந்தத் துணிவு ஒன்றுதான்.

இனி மணிப்பூருக்குப் போகவேண்டும். விருதுநகருக்கும் மணிப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பர்மா சம்பந்தம்தான். பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் ரங்கூன் போகாத ஆள் இல்லாத ஊர் குறைவு. 1962இல் நெ வின் ஆட்சி வந்ததும் நம்மவர்கள் கையை உதறிக்கொண்டு திரும்பினார்கள். இங்கே பிழைப்பு ஒட்டாமல் சிலர் தரைவழியாகவே மறுபடி பர்மாவுக்குப் புறப்பட்டார்கள். எல்லையில் விடவில்லை. மணிப்பூரின் கடைசி ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச்சங்கம் இருக்கிறது, அங்காளபரமேசுவரி கோயில் இருக்கிறது.

எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் அப்படி மோரேயில் கடை வைத்தவர். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வருவார். "அங்க ராத்திரியானா பொம்பளைங்கதான் போலீசு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்கள் கதை விடுகிறார் என்று நினைத்தோம். அவர் சொன்னது முழு உண்மை.

1970களின் நடுவில் இம்பால் பள்ளத்தாக்கில் குடி பெருகியது. வீட்டு ஆண்கள் கூலியைக் குடித்துத் தீர்த்தார்கள். தாய்மார் ஊர் ஊராகக் கூடி, இரவில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ரோந்து வந்தார்கள். 'நிஷா பந்தி' என்று பெயர். நிஷா என்றால் போதை. குடித்துவிட்டு வருபவனை நிறுத்திக் கண்டிப்பார்கள். காலிப் பாட்டிலை மாலையாகப் போட்டுத் தெருவில் நடத்துவதும் உண்டு. சாராயம் விற்கிற இடத்தில் பானையை உடைப்பார்கள். 1980இல் மணிப்பூர் முழுவதும் ராணுவச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் வந்த பிறகு, பிள்ளைகளை ராணுவம் பிடித்துக்கொண்டு போவதைத் தடுக்கவும் இதே பெண்கள் நின்றார்கள். விளக்கு மூங்கில் தீப்பந்தமானது. 'மெய்ரா பைபி' என்றால் தீப்பந்தம் ஏந்திய பெண்கள் என்று அர்த்தம். கல்லால் மின்கம்பத்தைத் தட்டினால் போதும், தெருவே எழுந்து வரும்.

அவர்கள் விடாமல் போராடியதன் பலனாக 1991இல் மணிப்பூர் அரசு மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. தாய்மார் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்குள் வேறொன்று வீட்டுக்குள் வந்துவிட்டது.

பர்மா எல்லை வழியாக ஹெராயின் வந்தது. 'நம்பர் 4' என்பார்கள். 1980களில் கல்லூரிப் பிள்ளைகள் அதை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். தாய்மார் தங்களுக்குத் தெரிந்த வழியையே கையாண்டார்கள்: பிடி, கண்டி, ஊரறிய நிறுத்து. தாங்க முடியாத பெற்றோர் சிலர் தாங்களே மகனைப் பிடித்துக் கொடுத்து, சிறையில் வைத்தாவது பழக்கத்தை விடச் செய்யுங்கள் என்று கேட்டார்கள். ஆயுதக் குழுக்கள் தங்கள் பங்குக்கு, போதைக்காரர்களைச் சுட்டார்கள். மருந்துக் கடைகளில் ஊசி வாங்குவதே கஷ்டமானது. ஊசியோடு பிடிபட்டால் அடி நிச்சயம்.

விளைவு என்ன? பிள்ளைகள் பழக்கத்தை விடவில்லை, ஒளிந்துகொண்டார்கள். ஒரே ஊசியைப் பத்துப் பேர் பகிர்ந்தார்கள். 1989 செப்டம்பர் வரை ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடம் எச்.ஐ.வி. தென்படவே இல்லை. 1990 நடுவில் சோதித்தவர்களில் பாதிப்பேருக்கு இருந்தது. ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஊரறிய நிறுத்திய தாய்மார், பிறகு சொந்தப் பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்கும் பக்கத்தில் உட்காரவேண்டி வந்தது.

மாற்றம் அங்கேதான் தொடங்கியது. 1991இல் இம்பாலில் பழக்கத்திலிருந்து மீண்ட இளைஞர்களே 'சாசோ' என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். புது ஊசி கொடுப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது, ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் மேற்பார்வையில் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுப்பது என்று வேலை நடந்தது. "ஊசியையும் நீயே கொடுப்பியா?" என்று கேட்ட தாய்மாரிடம் உட்கார்ந்து பேசினார்கள். உயிரோடு இருந்தால்தானே திருந்தமுடியும் என்பதுதான் அவர்கள் சொன்ன நியாயம். எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் போதுமான பேர் ஏற்றார்கள். 1996இல் மணிப்பூர், எய்ட்ஸுக்கென்று தனிக்கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமானது. போதை ஊசி போடுபவனைத் துரத்தாமல் பாதுகாப்பது என்பதை அந்தக் கொள்கை ஒப்புக்கொண்டது.

இது மணிப்பூர்க் கதை மட்டுமல்ல. ஸ்பெயினில் கலீசியா என்றொரு கடற்கரைப் பகுதி. அங்கே சிகரெட் கடத்தல் ஒரு தொழில், கடத்தல்காரர் ஊர்ப் பெரிய மனிதர். 1980களில் அதே படகுகளில் கொகெய்ன் வந்தது, தெருவில் ஹெராயினும் பரவியது. வீகோ நகரத்துத் தாய்மார், கார்மென் அவெண்டான்யோ என்ற அம்மையார் தலைமையில் 'எர்கெத்தே' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். 'எழுந்திரு' என்று பொருள். அவர் பிள்ளைகளும் சிக்கியவர்கள்தான். போதை விற்கும் மதுக்கடைகளின் பெயரை வெளியே சொன்னார்கள். கடத்தல்காரரின் மாளிகை வாசலில் போய்க் கேட்டை உலுக்கினார்கள். 1990இல் பெரிய போலீஸ் வேட்டை நடந்து கடத்தல் தலைகள் கைதானார்கள். அந்த மாளிகையையும் அரசு பறிமுதல் செய்தது. கவனிக்கவேண்டியது இன்னொன்று. அதே தாய்மார், விற்பவனைப் பிடி என்று கேட்ட அதே குரலில், எங்கள் பிள்ளைக்குச் சிறை வேண்டாம், சிகிச்சை கொடு என்றும் கேட்டார்கள். விற்பவனும் விழுந்தவனும் ஒன்றல்ல என்பதை உரக்கச் சொன்னவர்கள் பெற்றவர்கள்தான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? என் நண்பருக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. மிகக் கடுமையான சட்டம். பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்து வருடம். ஆனால் 1989இல் திருத்தியபோது 64ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2001இல் அதை இன்னும் விரித்தார்கள். அதே 2001 திருத்தத்தில்தான் பிடிபட்ட அளவுக்குத் தகுந்த தண்டனை என்பதும் வந்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. ஹெராயினில் சிறிய அளவு வெறும் 5 கிராம்.

64ஏ சொல்வது இது. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ மாட்டியிருந்தால், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்தமாட்டார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்தச் சலுகையை எடுத்துவிடலாம். விற்றவருக்கு இது பொருந்தாது. கடுமையான சட்டத்துக்குள் ஒரு சிறிய கதவு இது. நாற்பது வயதை நெருங்கப்போகும் இந்தக் கதவைப் பற்றி எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ஆகஸ்ட் மாதம் பள்ளிகளில் பிள்ளைகளை நிறுத்தி போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். நல்லதுதான். அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிட்டு இந்த 64ஏ பற்றியும் ஐந்து நிமிடம் சொன்னால் என்ன?

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மீதி 37 பேர் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டில் என்றால், யாரோ ஒரு அம்மாவின் மடியில் நெருப்பாக இருக்கிறார்கள்.

பட்டாசுத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மருந்து ரூமில் தீப்பொறி பட்டால் யார் தப்பு என்று அந்த நிமிடம் யாரும் கேட்பதில்லை. முதலில் ஆளை வெளியே இழுப்பார்கள். விசாரணை அப்புறம். மணிப்பூர்த் தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கற்றதும் இந்த வரிசையைத்தான்.

என் நண்பர் பையனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். நானும் கூடப் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. அவரும் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நண்பர்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்க பையனா? எனக்கும் பையன்தான்" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பையன் இடையில் ஒரு முறை சறுக்கினான். மறுபடி கூட்டிப் போனோம். இப்போது பரவாயில்லை. முழுதாக மீண்டுவிட்டான் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. அவன் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லும்வரை நானும் சொல்லமாட்டேன்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், சாடையாகவாவது காதில் போட்டு வையுங்கள். 14446 என்று தேசிய போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. அதற்குக் காசில்லை. பேர் கேட்பார்களோ என்று பயந்தால், "பக்கத்து வீட்டுப் பையனுக்கு" என்று கேளுங்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டோம்.