பைத்தான் எளிய வலை வழங்கியில் எச்டிடிபிஎஸ்

பைத்தான் எளிய வலை வழங்கி என்பது பைத்தான் நிரல்மொழியின் செந்தர நூலகத்துடன் வரும் சிறிய வலை வழங்கி ஆகும். ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகளை உலாவிக்கு அனுப்புவதே இதன் பணியாகும். இயல்பாக இது 8000 ஆம் போர்ட்டில் எச்டிடிபி நெறிமுறையில் இயங்குகிறது. அவ்வாறு செல்லும் தகவல் மறையீடு செய்யப்படாமையால், இடையில் உள்ளோர் அதனைப் படிக்கவும் மாற்றவும் இயலும். டிஎல்எஸ் அடுக்கின் மேல் எச்டிடிபியை இயக்கி இக்குறையை நீக்கும் முறை எச்டிடிபிஎஸ் எனப்படும்.

வரலாறு

எஸ்எஸ்எல் கூறு 2008 அக்டோபரில் வெளியான பைத்தான் 2.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சாக்கெட்டை நேரடியாக உறையிடும் அதன் பழைய செயற்கூறு 2023 இல் வெளியான 3.12 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆகவே அதனைக் கையாளும் பழைய நிரல்கள் புதிய பதிப்புகளில் இயங்குவதில்லை. 2025 இல் வெளியான 3.14 பதிப்பு முதல் எச்டிடிபிஎஸ் வசதி இவ்வழங்கியிலேயே அமைந்துள்ளது.

செயல்முறை

1. ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற மென்பொருளால் தனித் திறவுகோலும் சான்றிதழும் உருவாக்கப்படுகின்றன. வழங்கியின் பெயர் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பகுதியில் இடம்பெறல் வேண்டும்.
2. வழங்கிக்குரிய எஸ்எஸ்எல் சூழல் ஒன்று ஆக்கப்பட்டு, அதில் அவ்விரு கோப்புகளும் ஏற்றப்படுகின்றன.
3. வழங்கியின் சாக்கெட் அச்சூழலால் உறையிடப்பட்டு, வழங்கி இயக்கப்படுகிறது.

3.14 பதிப்பில் கட்டளை வரியிலேயே கோப்புகளின் பெயர்களைத் தந்தால் போதுமானது. யுனிக்சு வகை இயங்குதளங்களில் 1024 க்குக் கீழான போர்ட்டுகளுக்குப் பொதுவாக நிருவாகி உரிமை தேவைப்படுவதால், 443 க்கு மாற்றாக 8443 பயன்படுத்தப்படுவதுண்டு.

தனித் திறவுகோலை வழங்கப்படும் கோப்புறையில் வைத்தல் ஆகாது. வைத்தால், கேட்போர் எவருக்கும் வழங்கி அதனையும் அனுப்பிவிடும்.

சான்றிதழின் நம்பகம்

தாமே கையொப்பமிட்ட சான்றிதழ் மறையீட்டிற்குப் போதுமானது. ஆயினும் வழங்கி யாருடையது என்பதை அது மெய்ப்பிப்பதில்லை. எனவே உலாவிகள் எச்சரிக்கை காட்டுகின்றன. பொது இணையத் தளங்களுக்கு லெட்சு என்கிரிப்ட் 2015 முதல் இலவசச் சான்றிதழ் வழங்கி வருகிறது.

சான்றளிப்போர் தவறினால் மறையீடு இருந்தும் பயனில்லை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் கீழ் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் இவர்களைக் கண்காணிக்கிறார். 2014 சூலையில், தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள், யாகூ ஆகியவற்றின் பெயர்களில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தமை கண்டறியப்பட்டது. இந்திய மூலச் சான்றிதழை மைக்ரோசாப்ட் ஏற்றிருந்ததால் விண்டோசுப் பயனர்கள் இடருக்கு உள்ளாயினர். அதனை ஏற்றிராத பயர்பாக்சு பாதிக்கப்படவில்லை. மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் சூலை 3 அன்று திரும்பப் பெறப்பட்டன.

வரம்புகள்

எச்டிடிபிஎஸ் சேர்த்தாலும் பயனரை அடையாளம் காணும் வசதி இவ்வழங்கிக்கு வருவதில்லை. இது அடிப்படைப் பாதுகாப்புச் சோதனைகளை மட்டுமே செய்வதால், பொதுப் பயன்பாட்டிற்கு ஏற்றதன்று எனப் பைத்தான் ஆவணங்களே அறிவுறுத்துகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- பொதுத் திறவுகோல் மறையீடு
- இலக்கமுறைக் கையொப்பம்
- பைத்தான்