ஓ எண்டா எல்லாருக்கும் ஏத்தலாமா?

எழுவான்கரையோ படுவான்கரையோ, எங்கட பக்கம் கலியாணப் பேச்செண்டு வந்தா "என்ன குடி?" என்ற கேள்வி வராமல் போகாது. குடி தாய்வழியே வரும். இரத்த வகை அப்படியில்லை, தாயிடம் ஒரு பங்கு, தகப்பனிடம் ஒரு பங்கு. ஒரே குடியில், ஒரே வயித்தில் பிறந்த அண்ணனின் இரத்தமே தம்பிக்கு ஒத்துவராமல் போகலாம்.

இதன் காரணம் 1901இல்தான் தெரியவந்தது. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், தன்னோடு வேலை செய்தவர்களின் இரத்தத்தை எடுத்து ஒருவரின் செவ்வணுக்களை இன்னொருவரின் சீரத்தோடு கலந்து பார்த்தார். சிலது அப்படியே கிடந்தது. சிலது பால் திரைஞ்ச மாதிரி கட்டிபட்டது. ஏ, பி, ஓ என்ற பிரிவு அங்கேதான் தொடங்கியது. ஏபி அடுத்த வருடம் சேர்ந்தது, ஆர்எச் 1940இல்.

இரத்ததான முகாமில் எங்கட பெடியன்கள் லைசன்ஸைக் காட்டி, "நான் ஓ, ஆருக்கும் குடுக்கலாம்" எண்டு சொல்லுவாங்கள். பெருமையாத்தான் இருக்கும். ஆனா பம்பாயில் வைத்தியர் பெண்டேயும் கூட்டாளிகளும் கண்ட நோயாளிகளுக்கு ஓ இரத்தமும் ஒத்துவரவில்லை. 1952இல் 'லான்செட்' இதழில் அதை எழுதினார்கள். ஏ, பி இரண்டும் எச் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்படுபவை. ஓ வகைக்காரரிடம் அந்த அடித்தளம் மட்டும் இருக்கும். பம்பாய் வகைக்காரரிடம் அதுவும் இல்லை. அதனால் அவர்களின் உடம்பு ஓ இரத்தத்தையும் எதிரியாகப் பார்த்து உடைக்கும். சிறுநீரகம் பழுதாகும், உயிரும் போகலாம்.

பயம் என்னெண்டா, செவ்வணுவை மட்டும் சோதித்தால் இவர்கள் ஓ போலவே தெரிவார்கள். அதனால்தான் ஆய்வுகூடத்தில் சோதனையைத் திருப்பியும் செய்கிறார்கள்: நோயாளியின் சீரத்தை, வகை தெரிந்த அணுக்களோடு கலந்து பார்ப்பது. ஓ அணுவும் கட்டிபட்டால் சந்தேகம் பிடிபடும். அதற்குப் பிறகு ஏத்தப்போகும் பையின் இரத்தத்தையே நோயாளியின் சீரத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். எச்ஐவி, ஈரல் அழற்சி போன்றவற்றுக்கான சோதனைகள் வேறு.

2019 ஏப்ரல் 21, சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயப்பட்டவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வந்து குவிந்த நாள். நாடு முழுக்க சனம் இரத்தம் குடுக்க வரிசையில் நிண்டது. அப்படிப்பட்ட நாளிலும் கையில் எடுத்த இரத்தத்தை அப்படியே ஏத்த ஏலாது. நேரமே இல்லாத கட்டத்தில் ஓ நெகட்டிவ் செவ்வணுவை ஏத்துவார்கள், அதுவும் ஒரு துணிச்சல்தான். பிள்ளைப்பேற்று வாட்டுக்கு வெளியே நிண்டு "ஏன் இவ்வளவு நேரம்?" எண்டு சத்தம் போடுகிறவர்களிடம் இந்தக் கதையை ஆரும் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேணும்.

பம்பாய் வகை அரிது. சொந்தத்துக்குள் கட்டும் இடங்களில் கொஞ்சம் கூடுதலாகத் தென்படும். மச்சான், மச்சாள் கலியாணம் எங்களுக்கும் புதுசில்லையே. ஒருவருக்கு அந்த வகை எண்டு தெரிந்தால் முதலில் தேடப்படுவது கூடப்பிறந்தவர்கள்தான். தாயும் தகப்பனும் அந்தக் குறையை மறைவாகச் சுமப்பவர்கள் எண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.