தோட்டத்து மருந்தகமும் பார்வையிட வந்த கண்களும்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வகுத்தார் வள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என்பன அவை. இந்நான்கும் செவ்வனே அமைந்துள்ளனவா என்று நேரிற் சென்று பார்ப்பவர் யார்? டிக்கோயாவின் தேயிலை மலைகளில் இக்கேள்வி நெடுங்காலம் மக்களின் உயிரோடு பிணைந்த கேள்வியாக இருந்து வந்தது.

தேயிலைக்கு முன் இம்மலைகளில் கோப்பி விளைந்தது. அதனைப் பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளர் பலர் வாந்திபேதியாலும் வயிற்றுளைச்சலாலும் மடிந்தனர். 1872ஆம் ஆண்டில் இலங்கை அரசு மருத்துவத் தேவைச் சட்டத்தை இயற்றியது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன; வைத்தியசாலைகள் எழுந்தன; வைத்திய அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர்.

ஆயினும் வைத்தியசாலை எழுந்த மாத்திரத்தே நோயாளி அதன் வாயிலை அடைந்துவிடவில்லை. இடையே மலைப்பாதை இருந்தது. ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடின் அன்றைய கூலி இல்லை என்ற அச்சமும் இருந்தது. நோய் முற்றிய பின்னரே கொண்டு செல்லப்பட்டவர் உயிர் பிழைப்பது அரிதாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்புவதில்லை என்று மற்றவர் அஞ்சியதில் வியப்பென்ன?

லயத்து மக்களுக்கு அருகில் இருந்தவர் தோட்டத்து டிஸ்பென்சர் ஒருவரே. அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் தோட்டம். அவரை நீக்க வல்லதும் தோட்டம். லயத்தின் வடிகால் கெட்டிருப்பதால் நோய் பரவுகிறது என்று எழுதினால், அது தம்மை அமர்த்திய துரைமீதே குற்றஞ் சாட்டுவதாகும். நல்லவராயினும் அவர் கை கட்டப்பட்ட கையே. ஆகவே வெளியிலிருந்து வரும் கண் ஒன்று வேண்டியதாயிற்று.

இவ்வுண்மையை இங்கிலாந்து முன்னரே கண்டிருந்தது. அங்கு 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நான்கு மேற்பார்வையாளரை அமர்த்தியது. அதற்கு முந்திய சட்டங்கள் பார்ப்பார் இன்றிப் பெரும்பாலும் ஏட்டளவிலேயே கிடந்தன. இலங்கையில் 1912ஆம் ஆண்டில் வந்த இரு சட்டங்கள் தோட்டங்களுக்கும் அத்தகைய மேற்பார்வையைக் கொணர்ந்தன. லயங்களைச் சுகாதாரமாக வைத்தலும், நோயுற்றோரை அறிந்து ஆவன செய்தலும் தோட்ட அதிகாரியின் கடமைகளாயின. பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் வேலையின்றி உணவும் உறைவிடமும் அளித்தலும் அவ்வாறே கடமையாயிற்று. இவற்றைப் பார்வையிட வைத்திய அதிகாரிகள் வந்தனர். தக்க மருந்தகம் நடத்திய தோட்டங்கள் ஏற்றுமதி வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றன. கடமையோடு காசும் சேர்ந்ததால் மருந்தகங்கள் பெருகின.

மருந்துப் போத்தல்களை எண்ணுவதோடு மேற்பார்வை முடிந்துவிடாது என்பதைக் கொக்கிப்புழு நோய் உணர்த்தியது. மலசலகூடம் இல்லாத இடத்தில் மண்ணிற் கலக்கும் புழு, செருப்பணியாத காலின் தோலைத் துளைத்து உடலிற் புகும். இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்கும். 1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைப் பகுதியில் இந்நோய் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றலாம். கூடம் கட்டாவிடின் அது மீண்டும் வரும். ஆதலின் பார்வையிடுவோர் மருந்தகத்தோடு லயத்தையும், பீலித் தண்ணீரையும், வடிகாலையும் பார்த்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

1923ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் கண்டியில் இருந்து தோட்டங்களைச் சென்று கண்டு, ஆண்டறிக்கைகள் எழுதினார். பிறப்பும் இறப்பும் கூலியும் ஏட்டில் ஏறின. துரையின் மேசையோடு முடிந்திருந்த செய்தி ஊரறிய வந்தது.

பின்னர்த் தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளுட் சிலவற்றை அரசு ஏற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கை வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் திறக்கப்பட்டது. கால்நடையாக வந்தோரின் வழித்தோன்றல்களுக்கு அது பெரும் பேறே.

எனினும் கட்டடத்தின் உயரம் மருத்துவத்தின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது. கருவி தூய்மையா, மருந்து காலங் கடந்ததா, கொடுப்பவர் கற்றவரா என்பவற்றைக் காய்தல் உவத்தலின்றிப் பார்க்கும் கண் என்றும் வேண்டும். அக்கண்ணுக்கு உரியவர் அதிகாரியிடம் மட்டும் கேட்டுத் திரும்பாமல், லயத்து வாசலில் பிள்ளையோடு நிற்கும் தாயையும் ஒரு வார்த்தை கேட்பாராயின், அதுவே முழுமையான மேற்பார்வை.