முட்டையும் வாழைப்பழமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் பொறுமையாகக் கேட்டது போல இதையும் கடைசி வரை படியுங்கள். கடைசியில் நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் எங்கள் வீட்டுக்காரர் வழிக் குலதெய்வம் கும்பிட எல்லோரும் கூடினோம். கிடா வெட்டி, பந்தி போட்டாயிற்று. என் கொழுந்தனார் பேத்தி, கல்லூரியில் படிப்பவள், இலையில் கறிக்குழம்பு ஊற்ற வந்தபோது கையால் மறித்து, "எனக்கு ரசம் போதும், நான் கறி சாப்பிடுறதை விட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். "சாமி பிரசாதத்த வேணாங்கிறியா?" என்றார் ஒருவர். "காலேஜுல யாரோ ஏத்திவிட்டுட்டாங்க" என்றார் இன்னொருவர். கொழுந்தன்முறை ஒருவர் என்னிடம் திரும்பி, "மதினி, நீங்க டீச்சரு. நம்ம பக்கம் யாரு கறி திங்காம இருந்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அந்தப் பிள்ளையும் "சொல்லுங்க அப்பத்தா" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று பதில் எழுதுகிறேன்.

நம் பக்கம் கறி தின்னாதவர்கள் இருந்திருக்கிறார்கள். உத்தமபாளையத்தில் பாறை ஒன்றில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வட்டெழுத்தில் கல்வெட்டுகளும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டவை. தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம். எந்த உயிரையும் கொல்லாமையே முதல் அறம் என்று வாழ்ந்த துறவிகள் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அது கல்லில் உள்ள சாட்சி. அந்தப் பாறைக்கு இன்று வழங்கும் பெயர் என்ன தெரியுமா? கருப்பணசாமி பாறை. கிடாயும் சேவலும் காவு வாங்குகிற நம் காவல் தெய்வத்தின் பெயர். புலால் உண்ணாத சமணரும் கருப்பணசாமியும் ஒரே பாறையில் இருக்கிறார்கள். நாம்தான் ஒரே பந்தியில் உட்கார முடியாமல் சண்டை போடுகிறோம்.

அதே போல, தமிழன் என்றால் ஆதியிலிருந்து சைவம்தான் என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. சங்கப் புலவர்களில் பெரியவர் கபிலர். அந்தணர். சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன் அவர் கையைப் பிடித்து, மென்மையாக இருக்கிறதே என்றபோது, உன்னைப் பாடி வந்தவர்களின் கை ஊனும் சோறும் உண்பதைத் தவிர வேறு கடினமான வேலை அறியாதது, அதனால்தான் மென்மையாக இருக்கிறது என்ற பொருளில் அவர் பாடியது புறநானூற்றில் 14-ஆவது பாட்டு. அதற்குப் பின்னால் வந்த வள்ளுவர் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரம், கொல்லாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டு பேரையும் நாம் பெரியவர்களாகத்தான் வைத்திருக்கிறோம்.

மணிமேகலையில் சாதுவன் என்ற வணிகன் கதை வரும். கப்பல் உடைந்து, மனிதரைத் தின்னும் நாகர் தீவில் ஒதுங்குவான். அவர்கள் தலைவனுக்கு அவன் அறம் சொல்லும்போது, எடுத்த எடுப்பில் ஊனையே தொடாதே என்று சொல்லவில்லை. மூப்பெய்தித் தானாகச் சாகும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். கேட்பவனால் எவ்வளவு முடியும் என்று பார்த்துப் பேசியிருக்கிறான். நல்ல ஆசிரியன்.

வார்த்தைகளையும் கவனியுங்கள். சங்க காலத்தில் "கறி" என்றால் மிளகு. இன்று நம் ஊரில் கறி என்றால் ஆட்டுக்கறி. "சைவம்" ஒரு சமயத்தின் பெயர். அதையே சாப்பாட்டுக்கு வைத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் "அசைவம்" என்கிறோம். இலங்கைத் தமிழர் மரக்கறி, மச்சம் என்பார்கள். அதில் சமயம் இல்லை, தட்டில் இருப்பதுதான் இருக்கிறது. நாம் "நீங்க சைவமா?" என்று கேட்கும்போது பாதி நேரம் சாப்பாட்டையா கேட்கிறோம்? சாதியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறோம்.

வள்ளலார் புலால் மறுப்பில் மிகக் கண்டிப்பானவர். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்று தனியே வைத்தார் அவர். ஆனால் அவர்களுக்கும் பசி நீக்க வேண்டும் என்றார். கொள்கை எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், பசித்தவனிடம் நீ வீட்டில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டுச் சோறு போடக்கூடாது என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

காந்தியடிகள் சிறுவனாக இருந்தபோது நண்பனோடு சேர்ந்து ரகசியமாகக் கறி தின்றவர். 1888-இல் லண்டன் போகும்போது தாயிடம் சத்தியம் செய்துகொடுத்ததால் அங்கே தொடவில்லை. ஆனால் மனதுக்குள், இந்தியர் எல்லோரும் கறி தின்றால் நல்லது என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். அங்கே ஒரு சைவ உணவகத்தில் ஹென்றி சால்ட் எழுதிய சிறு நூலை வாங்கிப் படித்த பிறகுதான், சத்தியத்துக்காக அல்லாமல் தானே விரும்பி சைவமானார். தட்டில் மாற்றமே இல்லை. நேற்று வரை அம்மாவுக்காக, இன்று முதல் தனக்காக. தேர்வு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இனி என் கதை.

1989-இல் சத்துணவில் முட்டை வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது நம் ஊரெல்லாம் மதுரை மாவட்டம். முட்டை வருகிற நாளில் வருகைப் பதிவு நிரம்பி வழியும். முழு முட்டையை அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உரிக்கத் தெரியாமல் ஓட்டோடு கடித்தவனும் உண்டு. அந்த முட்டையின் அருமையை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் எத்தனை முட்டை வேண்டும் என்று சத்துணவு அமைப்பாளர் என்னிடம் கணக்குக் கேட்டபோது நான் என்ன செய்தேன்? ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை. பெயரைப் பார்த்து, தெருவைப் பார்த்து, இவர்கள் தின்பார்கள், இவர்கள் தின்னமாட்டார்கள் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் வீட்டில் ஆடு வளர்த்தார்கள். முட்டையைத் தட்டில் வைத்தபோது வேண்டாம் என்று ஒதுக்கினாள். நான் எல்லோர் முன்னாலும், "உங்க வீட்ல கிடாயே வெட்டுறீங்க, உனக்கு முட்டை ஆகாதோ?" என்று சிரித்தேன். வகுப்பே சிரித்தது. அவள் அழவில்லை. அதற்குப் பிறகு முட்டை நாளில் அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் கையால் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த குட்டியைத் திருவிழாவுக்கு வெட்டினார்கள் என்றும், அன்றிலிருந்து அவள் கவிச்சியே தொடுவதில்லை என்றும் சமையல் ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லித்தராமல், எட்டு வயதில், அந்தப் பிள்ளை தானே எடுத்த முடிவு. அதை நான் கேலி செய்துவிட்டேன்.

1998-இல் முட்டை வாரம் ஒன்றானது. 2006-இல் இரண்டு, 2007-இல் மூன்று, 2010-இல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்ற ஏற்பாடும் வந்தது. சில மாநிலங்களில் பள்ளியில் முட்டை கொடுப்பதா கூடாதா என்று இன்றும் பெரிய தகராறு. நம் ஊரில் ஒரு வாழைப்பழம் அந்தத் தகராறைத் தீர்த்து வைத்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "முட்டையா, பழமா?" அவ்வளவுதான் கேள்வி. ஏன் என்று கேட்கமாட்டேன். என் கணக்கு எத்தனை முறை தப்பாயிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. பழம் கேட்பான் என்று நினைத்த ஒருவன் முட்டை கேட்டுவிட்டு, "வீட்ல சொல்லிராதீங்க டீச்சர்" என்றான். நான் சொல்லவில்லை. பெற்றவர்களிடம் மறைத்தது சரியா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

மேலிருந்து உத்தரவு போட்டு இதை மாற்ற முடியாது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். கோவில்களில் பலியிடுவதைத் தடுக்க 1950-லேயே சட்டம் இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003-இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த அரசு உத்தரவிட்டது. கிராமமெல்லாம் கொதித்தது. 2004-இல் சட்டமே போயிற்று. ஆனால் யாரும் உத்தரவு போடாமலே கார்த்திகை பிறந்ததும் நம் தெருவில் பாதி ஆண்கள் மாலை போட்டு 41 நாள் கவிச்சி தொடாமல் இருக்கிறார்கள். அது அவரவர் மனம் வைத்தது.

விட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவனுக்கு, கறி சாப்பிடுவான் என்பதற்காகவே வீடு கிடைக்கவில்லை. நான் தின்னமாட்டேன் என்பது என் தேர்வு. நீ தின்றால் உனக்கு வீடு தரமாட்டேன் என்றால் அதற்குப் பெயர் வேறு.

எனவே கொழுந்தனாரே, நம் பக்கம் இரண்டு வகையினரும் இருந்தார்கள். நான் கறி சாப்பிடுகிறவள்தான், விடுகிற எண்ணமும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் பந்தியில் பேத்திக்கு ரசத்தோடு ஒரு கூட்டும் சேர்த்து வைப்போம். அவளும் அன்று கறிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது 43, 44 வயது இருக்கும். எந்த ஊரில் இருக்கிறாய் என்று தெரியவில்லை அம்மா. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், டீச்சர் அன்று செய்தது தப்பு. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்