கடல் புறாவும் தோட்டத்து வாசகரும்

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்குமிடத்தில் புக்கிட் மலாவாத்தி என்னும் குன்று ஒன்று உண்டு. 1784ஆம் ஆண்டு டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றி, தம் தலைமை ஆளுநரின் பெயரால் அல்திங்ஸ்பர்க் என வழங்கினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டுக்கொண்டார். குன்றின் உச்சியில் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் டச்சுக்காரர் இட்ட பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கிருந்து மேற்கே நோக்கினால் நீரிணை விரிந்து கிடக்கும். அக்கடலின் மறுகரையில், சுமத்திராவின் கீழைக் கடற்புறத்தில், முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும் பண்ணை என்னும் ஊர் இருந்ததென ஆய்வாளர் கருதுவர். 1025ஆம் ஆண்டளவில் சோழர் கலங்கள் சென்ற கடற்பரப்பு இதுவேயாகும்.

குன்றுக்குப் பின்புறம், ஆற்றின் வழியே உள்நாடு நோக்கிச் சென்றால், வேறொரு தமிழர் வரலாறு தொடங்குகிறது. பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக், சுங்கை திங்கி எனத் தொடரும் இவ்வட்டாரத்தின் தோட்டங்களில் முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் அதன்பின் செம்பனையும் பயிரிடப்பட்டன. பயிர் மூன்று முறை மாறியபோதும் உழைத்த கைகள் பெரும்பாலும் தமிழர் கைகளே. கங்காணி திரட்டி வந்த இம்மக்களைச் சுமந்த கப்பல்கள் பல நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டவை. கடாரத்து மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரம் நின்ற நாகப்பட்டினமும் அதுவே. ஒரே துறைமுகத்தில் ஒரு காலத்தில் அரசர் தூதரும் மற்றொரு காலத்தில் கூலிக்கு வந்த குடும்பங்களும் கலமேறியதை வரலாற்று நூல்கள் தனித்தனி இயல்களில் வைத்துப் பேசுகின்றன. தோட்டத்து வாசகன் அவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்படி செய்தது ஒரு கதை நூல்.

அந்நூலைப் பற்றிப் பேசுமுன், இவ்வட்டாரம் தந்த மற்றொரு நாவலையும் நினைவுகூர்தல் தகும். ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து கோல சிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதல் நடச்செய்தவரும் அவரே. (தமிழ்ப் பெயரால் தென்னையைக் குறிக்கும் தோட்டம் செம்பனைக்குத் தாயகமானது ஒரு விந்தை.) அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் பிரான்சு நாட்டின் புகழ்மிக்க கோன்கூர் பரிசைப் பெற்றது, மறு ஆண்டு ஆங்கிலத்திலும் வெளிவந்தது. இம்மண்ணையும் இங்கு உழைத்த தமிழரையும் ஐரோப்பா அறிய வைத்த அந்நாவலை அத்தமிழர் படிக்கவில்லை. அது அவர்கள் மொழியில் இல்லை. அதில் அவர்கள் துரையின் கண்ணுக்குத் தெரிந்தவாறே தோன்றினர்.

அவர்கள் படித்தது வேறு. சென்னையிலிருந்து வந்த குமுதம் இதழில் வாரந்தோறும் தொடர்ந்த சாண்டில்யனின் கதைகளை அவர்கள் படித்தார்கள். அவற்றுள்ளும் 'கடல் புறா' அவர்களுக்குத் தனி உரிமையுடைய நூலாயிற்று.

சாண்டில்யன் என்பது பாஷ்யம் என்பாரின் புனைபெயர். 1910இல் பிறந்து 1987இல் மறைந்த அவர் சுதேசமித்திரன் முதலிய ஏடுகளில் பணியாற்றிய பத்திரிகையாளர். 'யவன ராணி', 'கன்னி மாடம்', 'ராஜ முத்திரை' எனப் பல வரலாற்றுப் புதினங்களை எழுதினார். 'கடல் புறா' மூன்று பாகங்களாக விரிந்த பெருநூல். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கும் அக்கதையின் தலைவன் கருணாகரத் தொண்டைமான். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவிக்கு உதவ முற்படும் அவன், அமீர் என்னும் அரபியனையும் அகூதா என்னும் சீனக் கடற்கொள்ளைத் தலைவனையும் துணையாகப் பெறுகிறான். சுமத்திராவின் அட்சயமுனைக் கோட்டையைத் தன்வசப்படுத்தி அங்கே தனக்கென ஒரு மரக்கலம் சமைக்கிறான். அக்கலத்தின் பெயரே நூலுக்கும் பெயராயிற்று.

இக்கதையைத் தோட்டத்து மக்கள் எவ்வாறு படித்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் வாழ்க்கையில் இதழ் வாங்குவது எளிதன்று. ஓர் இதழ் பல வீடுகளுக்குப் போய்வந்தது. எழுத்தறிந்தவர் படிக்க, அறியாதோர் திண்ணையிலிருந்து கேட்டனர். ஓவியர் லதா வரைந்த படங்களைச் சிறுவர் வெட்டி வைத்துக்கொண்டனர். தொடர்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த கட்டுகள், நூல் வாங்க இயலாதவர்க்கு நூலாயின. இவ்வாறு படித்தவர் தம் கருத்தை எழுதி வைத்தவர் அல்லர். ஆகவே இலக்கிய வரலாறு எழுதுவோர் திறனாய்வாளர் கருத்தை மட்டும் பதிவு செய்து, வாசகர் கருத்தை 'வெறும் ஆர்வம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டனர்.

ஆயின் வாசகர் கருத்து ஒரே தன்மையதாக இருந்ததில்லை. இளைஞர் கடற்போர்ப் பகுதிகளைப் போற்றினர். காற்றின் திசை, பாய் விரிக்கும் முறை, எதிரிக் கலத்தை வளைக்கும் சூழ்ச்சி ஆகியவற்றைச் சாண்டில்யன் விளக்குவதுபோல் விளக்கியவர் தமிழில் மிகச் சிலரே. முதியோர் பலர் கல்கியையே உயர்த்திப் பேசினர். கல்கியிடம் நகைச்சுவை உண்டு. வந்தியத்தேவனைப்போல் தவறி விழுந்து எழும் மாந்தர் உண்டு. சாண்டில்யனின் வீரர்களோ தவறுவதே இல்லை. பகைவன் நாளை எண்ணப்போவதை இன்றே அறிந்துவிடுகின்றனர். இக்குறையை வாசகர் நன்கு உணர்ந்தே இருந்தனர்.

மற்றொரு குறை இதனினும் பெரிது. பெண்களை அவர் வருணிக்கும் முறை பலருக்கு உவப்பாக இல்லை. தலைவன் காஞ்சனாதேவியிடமும் மஞ்சளழகியிடமும் மாறி மாறி மயங்குவதும், அம்மயக்கத்திற்குப் பக்கம் பக்கமாக இடம் தரப்படுவதும், குடும்பத்தில் உரக்கப் படிக்கும்போது இடறலை உண்டாக்கின. படிப்பவர் அவ்விடங்களைத் தாண்டிச் செல்ல நேர்ந்தது. மாணவர் கையில் அந்நூலைக் கண்டு பறித்த ஆசிரியரும் உண்டு. பறித்ததைத் தாமே படித்து முடித்த ஆசிரியரும் உண்டு. தனித்தமிழ்ப் பற்றாளர்க்கு அவருடைய வடசொல் மிகுந்த நெடிய வாக்கியங்கள் கசந்தன. இக்குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லாமற் போகவில்லை. வார இதழின் தேவைக்காகக் கதை இழுக்கப்பட்டிருப்பதும் கண்கூடு. மூன்று பாகங்களை இரண்டாகச் சுருக்கியிருந்தால் நூலின் மதிப்பு உயர்ந்திருக்கும்.

எனினும் இவற்றைக் கொண்டே ஓர் எழுத்தாளரை இலக்கிய உலகத்துக்குப் புறத்தே நிறுத்திவிடுதல் முறையாகுமா என்பது கேள்வி. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இராசேந்திரனைப் பற்றிய வரலாற்றுப் புதினம். அது 1963இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. கல்கிக்கு 1956இல் அப்பரிசு கிடைத்தது 'அலை ஓசை' என்னும் சமூகப் புதினத்திற்காக. சாண்டில்யனுக்கு எதற்காகவும் கிடைக்கவில்லை. பிற மொழிகளிலும் இவ்வழக்கு உண்டு. டோல்கீன் ஆங்கிலத்தில் எழுதிய 'மோதிரங்களின் தலைவன்' என்னும் மாயக் காவியப் புதினத்தை 1956இல் எட்மண்ட் வில்சன் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் சிறுபிள்ளைக் கதை என்னும்படி எள்ளினார். ஆடன் போன்ற பெருங்கவிஞர் அதனைப் பாராட்டினார். வாசகர் இருவரையும் கேட்காமலே படித்துக்கொண்டிருந்தனர். பிரெஞ்சு நாட்டில் தொடர்கதை மன்னராக விளங்கிய அலெக்சாந்தர் துமா 1870இல் இறந்தார். அந்நாட்டுப் பெரியோரைப் புதைக்கும் பாந்தியோன் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2002ஆம் ஆண்டிலேதான்.

தோட்டத்து வாசகனுக்குச் சாண்டில்யன் தந்தது என்ன? சோழப் பெருமையே என்று பலர் விடை கூறுவர். அது பாதி விடை. பெருமை பேசும் நூல்கள் வேறு பலவும் இருந்தன. அவற்றில் இல்லாத ஒன்று 'கடல் புறா'வில் இருந்தது, அதுவே கப்பல். தோட்டத்து முதியோர் அறிந்த கப்பல், 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' போன்றது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, மூட்டையை அணைத்துக்கொண்டு, எங்கே இறக்கப்படுவோம் என அறியாமல் வந்தவர் அவர்கள். 'கடல் புறா'விலோ அதே கடலில் ஒரு தமிழன் சுக்கானைப் பிடிக்கிறான். எந்தத் துறைக்குச் செல்வதென அவனே முடிவு செய்கிறான். சீனனும் அரபியனும் அவனோடு தோழமை கொள்கின்றனர். அவர்களிடமிருந்து அவன் கற்றுக்கொள்ளவும் செய்கிறான். கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் கட்டுப்பட்டு நின்ற மக்களுக்கு இதன் சுவை என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சென்னைத் திறனாய்வாளர் அறிந்திலர். கடாரம் அவர்களுக்கு மெய்க்கீர்த்தியில் வரும் ஒரு சொல். கோல சிலாங்கூர் வாசகனுக்கோ வடக்கே இரயிலேறிச் சென்றால் வந்துவிடும் கெடா மாநிலம்.

இச்சுவையை ஒப்புக்கொள்ளும்போதே அதன் இடரையும் மறைத்தலாகாது. கதையை வரலாறாகக் கொள்ளும் மாணவர் இருந்தனர். தோட்டத்துத் தமிழர் சோழர் கலத்தில் வந்தவர் அல்லர். அவர்கள் முன்னோர் வந்தது பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது, இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடுத்தது 1938இல். இவ்வரலாற்றை இராசேந்திரனின் வெற்றியால் மூடுவது அம்முன்னோர் பட்ட பாட்டையே மறைப்பதாகும்.

இனி, கதைக்கு உள்ள வரலாற்று அடிப்படையும் காணத்தக்கது. வீரராசேந்திரன் தன்னிடம் அடைக்கலம் புகுந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று கொடுத்ததாக அவன் கல்வெட்டுக் கூறுகிறது. இக்குறிப்பே 'கடல் புறா' போன்றதொரு கதைக்குப் போதிய வித்து. முதற் குலோத்துங்கன் 1070இல் அரியணை ஏறினான். அவனுடைய இருபதாம் ஆட்சியாண்டில், அஃதாவது 1090இல், கடாரத்து அரசன் அனுப்பிய தூதர் இருவர் வேண்டியவாறு நாகப்பட்டினத்து விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. லெய்டன் சிறிய செப்பேடுகள் இதனைக் கூறுகின்றன. ஆகவே குலோத்துங்கன் காலத்தில் சோழநாட்டுக்கும் கடாரத்துக்கும் இடையே சான்றுடன் தெரிவது போரைவிட உறவே. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தைக் கடாரம் என நச்சினார்க்கினியர் உரை கூறியதையும் தமிழாசிரியர் அறிவர். வணிகர் போக்குவரவு, படையெழுச்சிக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

மலாய் மக்களின் நினைவிலும் இவ்வுறவு கதையாகவே தங்கியிருக்கிறது. 'செஜாரா மெலாயு' என்னும் பழநூலில், ஏட்டுக்கு ஏடு ராஜா சூலான் என்றும் ராஜா சூரான் என்றும் பெயர் மாறி வரும் அரசன் ஒருவன், கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்து கடலடிக்கே சென்று அங்குள்ள அரசன் மகளை மணக்கிறான். சூலான் என்பது சோழன் என்பதன் திரிபே என்பர். வென்றவர் நாட்டிலும் வெல்லப்பட்டவர் நாட்டிலும் மாயக் கதையாகவே நிலைத்த ஒன்றைச் சாண்டில்யன் மீண்டும் கதையாக்கினார். அவர் வரலாற்றாசிரியராகத் தம்மைக் காட்டிக்கொண்டது ஒரு புறமிருக்க, அவருடைய உண்மையான இடம் இக்கதை மரபிலேதான் என்று கொள்வது பொருந்தும்.

1975இல் அகிலன் மலேசியாவுக்கு வந்து, தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கண்டு 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். தோட்டத்து மக்கள் தம்மையே ஒரு பெரிய தமிழ் எழுத்தாளரின் நாவலில் கண்டது பெரும் செய்தி. ஆயினும் அதனைப் படித்தவர் 'கடல் புறா'வைக் கைவிடவில்லை. ஒன்று அவர்கள் நின்ற இடத்தைக் காட்டியது. மற்றொன்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கடலைக் காட்டியது.

சாண்டில்யன் மறைந்த பின்னும் அவர் நூல்கள் பதிப்பிக்கப்பட்டு வருகின்றன. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. லயங்கள் பல வெறுமையாயின. தைத்து வைத்த தொடர்க்கட்டுகளும் கரையானுக்கு இரையாயின.

கருணாகரத் தொண்டைமானைப் பற்றி மெய்யாகக் கிடைப்பன சிலவே. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி அவனைக் கலிங்கப் போரின் படைத்தலைவனாகப் பாடுகிறது. அவன் கடாரம் சென்றதற்கோ கப்பல் செலுத்தியதற்கோ சான்றில்லை. அவனுடைய மனைவி காஞ்சி அருளாளப் பெருமாள் கோயிலுக்குக் கொடையளித்ததை ஒரு கல்வெட்டுத் தெரிவிக்கிறது. அதில் அவ்வம்மையாரின் பெயர் காஞ்சனாதேவியும் அன்று, மஞ்சளழகியும் அன்று.