நூல்களை அறுத்துக்கொண்டு ஓடிய குதிரை

1878 ஜூன் மாதத்தில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில், எட்வர்ட் மைப்ரிட்ஜ் பன்னிரண்டு காமிராக்களை ஒரே வரிசையில் 27 அங்குல இடைவெளியில் நிறுத்தினார். ஓடுபாதையின் குறுக்கே மெல்லிய நூல்கள் கட்டப்பட்டிருந்தன. சாலி கார்ட்னர் என்னும் குதிரை அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு ஓட, அறுபடும் ஒவ்வொரு நூலும் ஒரு காமிராவின் மூடியை மின்சாரத்தால் விடுவித்தது. எதிரே எண்ணிட்ட கோடுகளுடன் வெள்ளைத் திரை. ஈரக் கொலோடியன் காலம் அது. பன்னிரண்டு தகடுகளும் காய்ந்துபோகுமுன் எல்லாம் நடந்து முடிந்தாக வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் இதற்காகப் பெருந்தொகை பந்தயம் கட்டினார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நல்ல கதைகளை ஆதாரமின்மை கொன்றதில்லை.

நான்கு கால்களும் தரையை விட்டெழும் கணத்தைப் பற்றியே எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத 1879ஆம் ஆண்டுச் சோதனை. மைப்ரிட்ஜ் ஐந்து காமிராக்களை ஓர் அரைவட்டத்தில் வைத்து, நடுவே நின்ற கழைக்கூத்தாடிகளை ஒரே கணத்தில் ஐந்து கோணங்களிலும் படமெடுத்தார். குதிரையைத் தொடர்ந்து எடுத்தவை காலத்தைத் துண்டாக்கின. இவையோ ஒரு கணத்தை நிறுத்தி அதைச் சுற்றி வந்தன. உடலின் மேல் எந்தக் குறியையும் ஒட்டாமல், பல கண்களால் மட்டுமே அசைவை அளக்கும் இன்றைய முறையின் விதை இங்கேதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அறிவியல் அந்த வழியில் போகவில்லை. பாரிஸில் எத்தியென் ழூல் மரே, நடப்பவருக்குக் கறுப்பு உடை அணிவித்து, கைகால்களின் மேல் வெண்கோடுகள் இட்டு, ஒரே தகட்டில் கோடுகளை மட்டும் பதிவு செய்தார். 1891இல் லைப்சிக்கில் பிரவுனேவும் ஃபிஷரும் உடலில் கைஸ்லர் மின்குழாய்களைக் கட்டி, நான்கு காமிராக்களால் நடையை எடுத்தனர். மின்னதிர்ச்சி தாக்காதிருக்க ரப்பர் காப்பு வேறு. அவர்கள் நடையைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள், மெய்தான். ஆனால் அப்படிக் கட்டுண்டவன் வழக்கம்போல நடந்திருப்பானா?

மைப்ரிட்ஜுக்கு நேர்ந்தது வேறு. 1882இல் ஸ்டான்ஃபோர்ட் தம் நண்பர் ஸ்டில்மனைக் கொண்டு வெளியிட்ட நூலின் முகப்பில் அவர் பெயரே இல்லை. அதைக் கண்ட லண்டன் ராயல் சொசைட்டி, அவரிடம் கேட்டிருந்த கட்டுரையை வெளியிட மறுத்தது. வழக்குத் தொடுத்தும் பயனில்லை. பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் தொடங்கினார். 1887இல் 781 தகடுகள் வெளிவந்தன. இம்முறை பக்கவாட்டில் 24 காமிராக்கள், பிற கோணங்களில் மேலும் பல, பின்னே வெண்ணூல் கட்டங்கள் இட்ட கருந்திரை. அவற்றுள் சில வரிசைகள் தொடர்ச்சியற்ற படங்களைக் கோத்து அமைத்தவை என்பதை மார்த்தா பிரவுன் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினார். கலைஞனின் கை அளவுகோலைச் சற்றே வளைத்திருக்கிறது. அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

குறிகளின்றி உடலை அளக்கும் எண்ணத்திற்குக் கணினி தேவைப்பட்டது. 1990களின் நடுவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தகேயோ கனாடே 51 காமிராக்களைக் கொண்ட கூடாரம் ஒன்றை அமைத்தார். 2015இல் அங்கேயே வெளியான பனாப்டிக் ஸ்டுடியோவில் 480 சிறு காமிராக்களும் 31 உயர்தெளிவுக் காமிராக்களும் இருந்தன. உள்ளே மனிதர்கள் பேசினார்கள், விளையாடினார்கள். யாருடைய உடலிலும் எதுவும் ஒட்டப்படவில்லை. ஆயினும் எல்லாக் காமிராக்களும் ஒரே கணத்தில் விழிக்க வேண்டும். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டறிய, இன்றும் இத்தகைய கூடங்களில் படப்பிடிப்புக்கு முன் ஒருவர் கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட பலகையைக் கையில் ஏந்தி, காமிராக்களின் முன் மெல்லத் திருப்பிக் காட்டுகிறார்.