கள்ளுக்கடை மறியல் முதல் காவல் சட்டம் வரை

மலாயாத் தோட்டங்களில் பால்மரம் தந்த கூலியின் ஒரு பகுதியைக் கள்ளுக்கடை விழுங்கிற்று. கடைவாசலில் ஏறிய போதை, இரவில் லயத்து வீட்டில் மனைவிமீது அடியாக இறங்கிற்று. மூலையில் ஒடுங்கிய குழந்தைகளே அதற்குச் சாட்சிகள்.

இக்கேட்டைத் தொழிலாளரே எதிர்த்தெழுந்தனர் என்பது நம் வரலாற்றின் பெருமை. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடா மாநிலத் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகப் போராடினர்.

ஆயினும் கள் ஒன்றே காரணமன்று. குடியாதவன் கையும் ஓங்கியதுண்டு. ‘வீட்டு விவகாரம்’ என்னும் சொல்லே அக்கைக்குக் காவலாக நின்றது. அக்காவலை உடைக்கப் பல இன மகளிர் அமைப்புகள் 1985 முதல் ஒன்றுகூடிப் போராடின. அதன் பயனாகக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க வழிசெய்தது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? அடியைக் கண்டு வளரும் பிள்ளை அச்சத்தையோ முரட்டுத்தனத்தையோ வகுப்பறைக்குச் சுமந்து வருகின்றது. புக்கிட் ரம்பாயாயினும் வேறெவ்வூராயினும், அப்பிள்ளையின் மௌனத்தை முதலில் படிக்க வேண்டியவர் ஆசிரியரே. அன்று கள்ளுக்கடை வாசலில் தொடங்கிய அறப்போர், இன்று நம் பள்ளி வாசலில் தொடர்கின்றது.